மூன்றாவது தடவை கூப்பிடாத செட்டு

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாங்கள் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. கல்யாணத்துக்கு என் மாமா செய்து கொடுத்த தேக்கு மேசை அது. வந்த நாளிலிருந்து அதன்மேல் ஏதாவது ஒரு பழைய ஸ்டீரியோ செட்டு வயிற்றைத் திறந்துபோட்டுக்கொண்டு படுத்திருக்கும். நாங்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அப்புறம் எதற்கு மேசை என்று கேட்டால், "வெயிட்டு தாங்கணும்ல?" என்பாள் என் மனைவி சிநேகா.

சிநேகாவுக்குச் சிறுசேரியில் ஒரு ஐ.டி. ஆபீசில் வேலை. அடுத்தவர்களின் கம்ப்யூட்டர் ஏன் மக்கர் பண்ணுகிறது என்று வாரம் முழுக்கப் போனில் கேட்டுத் தீர்த்துவைக்க வேண்டும். அது போதாதென்று சனி, ஞாயிறுகளில் கூடுவாஞ்சேரி வீட்டில் உட்கார்ந்து பழைய ரிசீவர்களைச் சரிசெய்வாள். ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் ரகம். வெள்ளி நிற முகப்பு, மரக்கூடு, சிட்டிகையில் பிடித்துத் திருகுகிற கனமான குமிழ்கள். தூக்கினால் ஆட்டுக்கல் கணக்கு. தூக்குவது யார்? நான்தான். பிரவின்குமார், மறைமலை நகரில் ஒரு கம்பெனி அக்கவுண்ட்ஸ் பிரிவு, இடுப்பு வலிக்காரன்.

அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எந்த செட்டையும் நேராக வீட்டுக்குக் கொண்டுவர விடமாட்டாள். அது எங்கே இருக்கிறதோ அங்கேயே போய், அதன் ஒயர்களோடும் ஸ்பீக்கர்களோடும் ஒரு முறை கேட்டுவிட்டுத்தான் கை வைப்பாள். "நம்ம வூட்டுக்கு வந்தா அது வேற செட்டு ஆயிடும் பிரவின்" என்பாள். நல்ல பழக்கம்தான். ஆனால் அந்தப் பழக்கத்தால்தான் நான் பட்டிப்புலத்துக்குப் போக நேர்ந்தது. பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆகவேண்டும் என்று சும்மாவா சொன்னார்கள்!

சிநேகா போகிற சர்ச் சபையில் யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். செல்லம்மா என்கிற அம்மாள், ஈ.சி.ஆர். சாலையில் ஒரு ரிசார்ட்டில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. அவர் மகன் ஜெபக்குமாரும் அங்கேதான் வேலை பார்த்தான். கடலோர பங்களா ஒன்றை இடித்தபோது குப்பைக்குப் போகவிருந்த ஜப்பான் ரிசீவரைக் கேட்டு வாங்கி வந்தவன் அவன்தான். போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் கூட்டாளிகளோடு கடலில் குளிக்கப் போனான். கூட்டாளிகள் திரும்பி வந்தார்கள். படகுகள் தேடின, போலீஸ் தேடியது, உடம்பு கிடைக்கவில்லை. சபைப் பாஸ்டர் நினைவு ஜெபம் வைத்துக் கல்லறைத் தோட்டத்தில் பெயர் எழுதிவிடலாம் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். செல்லம்மா சம்மதிக்கவில்லை. செட்டைச் சுத்தம் பண்ணிவிட்டு அப்புறம் சொல்கிறேன் என்றாராம். செட்டுக்கும் ஜெபத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லி அனுப்பியவர்களுக்கும் தெரியவில்லை.

சாலையிலிருந்து கடலைப் பார்த்து இறங்குகிற சந்தின் கடைசி வீடு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டது அந்த ரிசீவர்தான். அலமாரியின் நடுத்தட்டில், பூ போட்ட துணி மூடி, ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து கிளம்பிய ஸ்பீக்கர் ஒயர்கள் சுவரேறி, கூரையை ஒட்டி ஓடி, எதிர் மூலையில் இருந்த இரண்டு பெட்டிகளில் இறங்கின. பையன் ஆசையாக ஆணியடித்து ஓட்டியிருந்தான்.

செல்லம்மா டீ கொடுத்தார். சிநேகா ஸ்பேனர் பையைத் திறக்கப் போனாள்.

"இரு பாப்பா. இன்னும் டயம் ஆவல."

"எதுக்கு ஆன்ட்டி டைம்?"

"அவன் பேசறதுக்கு" என்றார் செல்லம்மா. பால்காரன் வர நேரமாகும் என்கிற தொனியில் சொன்னார்.

நான் சிநேகாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அப்போதே அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்திருக்க வேண்டும், என் புத்தி எங்கே போயிற்று?

வெளியே வெளிச்சம் குறைய ஆரம்பித்ததும் செல்லம்மா செட்டைப் போட்டார். முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் பச்சையும் நீலமுமாக விளக்கு எரிந்தது. சிநேகா எழுந்து போய் குமிழ்களைப் பார்த்தாள். ரேடியோவில் இல்லை, இசைத்தட்டு என்கிற இடத்தில் வைத்திருந்தது. பின்னால் இசைத்தட்டுக் கருவி எதுவும் மாட்டவில்லை. ஒலி அளவைச் சுத்தமாகக் குறைத்து வைத்தாள். "இப்ப இதுலேர்ந்து எந்தச் சத்தமும் வரக்கூடாது" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

கடல் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ குக்கர் வைத்திருந்தார்கள். அது ஒரு விசில் விட்டு அடங்கியது.

"யம்மா..."

கரகரவென்று, தொண்டையில் மணல் போட்டு அரைத்த மாதிரி ஓர் ஆண்குரல். மூலைப் பெட்டிகள் இரண்டிலிருந்தும் வந்தது. சிநேகா ஒலிக் குமிழை இன்னும் இடது பக்கம் அழுத்திப் பார்த்தாள், அதற்கு மேல் திரும்ப இடமில்லை.

"யம்மா..."

அதே அளவு சத்தம். துளி குறையவில்லை. உடனே செட்டுக்குள் 'டொக்' என்று ஒரு சொடுக்கு. எல்லாம் அடங்கிவிட்டது.

நான் டீயை என் பேண்டிலேயே கொட்டிக்கொண்டிருந்தேன். செல்லம்மா முந்தானையைச் சுருட்டி இரண்டு கைகளாலும் வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அழுகையை அடக்குகிறார் என்று முதலில் நினைத்தேன். அப்படி இல்லை, பதில் சொல்லிவிடாமல் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். விளக்கு வைத்த பிறகு வெளியிலிருந்து யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சட்டென்று பதில் சொல்லக்கூடாது. மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் 'யாரு' என்று கேட்கவேண்டும். உயிரோடு இருப்பவன் மூன்றாவது தடவையும் கூப்பிடுவான். செத்ததுக்கு மூன்றாவது தடவை வாய் வராது. முந்திக்கொண்டு பதில் சொன்னால் கூப்பிட்டது கூடவே வந்துவிடும். என் அம்மா இன்றைக்கும் வாசல் மணி மூன்று தடவை அடித்தால்தான் கதவைத் திறப்பார். பார்சல் கொண்டு வருகிற பையன்கள் திட்டிவிட்டுப் போகிறார்கள்.

"சபைல சொன்னா ஏசுவாங்க" என்றார் செல்லம்மா. "வேதத்துல அதெல்லாம் இல்லன்னுவாங்க. எனக்கும் தெரியும். ஆனா பயம் போவல பாப்பா. டெய்லி ரெண்டு வாட்டி கூப்புடுது. மூணாவது வாட்டிக்குள்ள இது டொக்குனு கட் ஆயிடுது. செட்டுதான் கட் பண்ணுதா, இல்ல அவனுக்குத்தான் வாய் வரலியா, எனக்கு எப்டித் தெரியும்?"

செல்லம்மா எழுந்துபோய் செட்டை அணைத்தார்.

"பெத்த புள்ள கூப்புட்டுகினு கீது, நான் வாயப் பொத்திகினு உக்காந்துகினு கீறேன். உசுரோட எங்கனா கீறானோ, எவனாண்டனா மாட்டிகினு கீறானோ... நீ இத்த கிளீன் பண்ணிக் குடுத்துடு கண்ணு. மூணாவது வாட்டி கூப்புட்டான்னா நான் பதில் சொல்லிடுவேன். கூப்புடலன்னா பாஸ்டராண்ட சொல்லிடறேன், எழுதிக்கட்டும்."

செட்டைத் தூக்கிக்கொண்டு வந்து காரில் வைத்தேன். சிநேகா அதற்குப் பின்சீட்டில் பெல்ட் போட்டுவிட்டாள். கோவளம் தாண்டிக் கேளம்பாக்கம் ரோட்டில் திரும்புகிறவரை நான் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்க்கவே இல்லை. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோனான்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று சிரித்தாள் சிநேகா.

"வால்யூம் ஜீரோல வெச்சும் பேசிச்சே, அது இருட்டா?"

"அதான் எனக்கும் இன்ட்ரஸ்டிங்கா கீது" என்றாள். இன்ட்ரஸ்டிங்காம்! இவளைக் கட்டிக்கொண்டு நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் காலையில் செட்டு தேக்கு மேசைக்கு ஏறியது. சிநேகா எந்தப் பழைய செட்டையும் நேராகக் கரண்டில் மாட்டமாட்டாள். வழியில் ஒரு குண்டு பல்பைக் கோத்துக்கொள்வாள். உள்ளே கோளாறு இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து செட்டைக் காப்பாற்றிவிடும். பல்பு லேசாகச் சிவந்து அணைந்தது. நல்ல சகுனம் என்றாள். மூடியைக் கழற்றினாள். உள்ளே சிலந்திக்கூடு, பல்லி முட்டை ஓடுகள், அடியில் ஒரு படுகை மணல்.

அந்த மணல் ஈரமாக இருந்தது.

பிரஷ்ஷால் கூட்டி ஒரு தட்டில் போட்டு ஜன்னலில் வைத்தாள். அடுத்த சனிக்கிழமை நான் தொட்டுப் பார்த்தபோதும் ஈரம் போகவில்லை. வெயில் நெருப்பாய்க் கொட்டுகிற ஜன்னல் அது. "கடல் உப்பு, காத்துலேர்ந்து தண்ணி இழுக்கும்" என்றாள். சரி, இழுக்கட்டும். நான் அந்தத் தட்டை எடுத்துப்போய் வேப்பமரத்தடியில் கொட்டிவிட்டு, தட்டையும் அங்கேயே போட்டுவிட்டு வந்தேன். தட்டு எங்கே என்று அவள் கேட்டதற்கு இதுவரை நான் பதில் சொல்லவில்லை.

அவள் வேலை செய்கிறபோது பார்க்க நன்றாக இருக்கும். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். முடியை உச்சியில் தூக்கிக் கட்டிக்கொண்டு, நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு உட்காருவாள். குமிழ்களின் உள்ளே கிளீனரைப் பீய்ச்சி, அதை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு விடாமல் திருகுவாள். கரகரப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். 'டொக்' சத்தம் போட்டது எது என்று எனக்குக் காட்டினாள். தீப்பெட்டி அளவில் ஒரு ரிலே. ஸ்பீக்கருக்குக் காவல்காரன் மாதிரி. ஏடாகூடமாக ஏதாவது வந்தால் இணைப்பைத் துண்டித்துவிடும். உப்புக் காற்றில் அதன் முனைகள் கறுத்துப்போய், இலேசாகச் சத்தம் வந்தாலே பயந்து துண்டித்துக்கொண்டிருந்தது. என்னுடைய விசிட்டிங் கார்டு ஒன்றை நீளமாகக் கத்தரித்து, ஸ்பிரிட்டில் நனைத்து, அந்த முனைகளுக்கு நடுவில் விட்டு இழுத்தாள். கறுப்பாக வந்தது. இன்னொரு கார்டு, இன்னொன்று. என் பெயரும் கம்பெனி பெயரும் துண்டு துண்டாக மேசையெல்லாம் கிடந்தன.

"அப்ப கொரல்?" என்றேன்.

செட்டின் முதுகில், ஸ்பீக்கர் ஒயர் மாட்டுகிற இடத்தைத் திருப்பிக் காட்டினாள். பச்சைப் பசேலென்று களிம்பு பூத்திருந்தது. "அந்த நீட்டு ஒயரு கூரையோரமா ஓடுதுல்ல, அது ஏரியல் வேலை பாக்குது. இந்தப் பச்சை பூத்த எடம் ரேடியோ வேலை பாக்குது. பக்கத்துல எவனோ வயர்லெஸ்ல பேசறான். மீன் புடிக்கற போட்டுக்காரனா இருக்கும். கரையில இருக்கற அவங்க அம்மாவைக் கூப்புடறான். வால்யூமுக்குப் பின்னாடி உள்ள நொழையறதால வால்யூமைக் கொறைச்சாலும் கொறையாது."

அவ்வளவுதானா! எனக்கு உயிர் வந்தது. "இதை ஒரு தேய் தேய்ச்சுடு. கொரலும் போயிடும், அந்தம்மாவும் ஜெபத்தை முடிச்சுடுவாங்க. நாமளும் நிம்மதியா சாப்புடலாம்."

"தேய்ச்சா ஒரு தடவைகூட கூப்புடாது. இத்தனை நாள் கூப்புட்ட புள்ள திடீர்னு கூப்புடலன்னா அவங்க இன்னா நெனைப்பாங்க? நான் பதில் சொல்லல, அதான் போயிட்டான்னு நெனைப்பாங்க."

"அப்ப விவரத்தைச் சொல்லிடு."

"சொல்லத்தான் போறேன். நம்பணுமே?"

"தேய்க்காம குடுத்தா மூணாவது தடவை கூப்புடும். எம் புள்ள உசுரோட கீறான்னு அந்தம்மா கடைசி வரைக்கும் அந்த அலமாரி எதிர்ல உக்காந்துடும். பேயை ரிப்பேர் பண்ணித் தர்றியா நீ?"

அன்று நாங்கள் போட்ட சண்டையில் மேல்வீட்டுக்காரர்கள் இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நான் சாப்பிடாமல் படுத்தேன். அவள் என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டாள். கடைசியில் ஒன்று சொன்னாள். "சத்தத்தை நிறுத்திக் குடுன்னு அவங்க கேக்கல பிரவின். மூணாவது தடவை கேக்கணும்னு கேட்டாங்க. செட்டு அவங்களோடது." பச்சைக் களிம்பை அவள் தொடவில்லை. மற்றதெல்லாம் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டாள்.

மறுபடியும் பட்டிப்புலம். செல்லம்மா தலை குளித்து, வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு காத்திருந்தார். சிநேகா ஒயர்களைப் பழையபடியே மாட்டினாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள், களிம்பு, ஏரியல், வயர்லெஸ், படகு எல்லாம். செல்லம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்துவிட்டு, "செரி பாப்பா, டயம் ஆவுது, போடு" என்றார்.

விளக்கு எரிந்தது. நான் வாசலை ஒட்டி நின்றுகொண்டேன். ஓடுவதற்கு வசதியாக என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தில் இருட்டு இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாய் வீட்டுப் படிவரை வந்து, உள்ளே பார்த்து, பின்வாங்கிப் போய்விட்டது. எனக்குக் கர்த்தரும் தெரியும், எங்கள் ஊர் அம்மனும் தெரியும். இரண்டு பேரையும் கூப்பிட்டேன்.

"யம்மா..."

கரகரப்பே இல்லை. அறைக்குள் ஒருவன் நிற்கிற மாதிரி இருந்தது. செல்லம்மாவின் கைகள் முந்தானையோடு வாய்க்குப் போயின.

"யம்மா..."

'டொக்' வரும் வரும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. பெட்டிகளில் காற்று வீசுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. எங்கேயோ திறந்த வெளியில் வீசுகிற காற்று. சிநேகா கண்ணை மூடிக்கொண்டாள்.

"யம்மோவ்!"

மூன்றாவது தடவை. செல்லம்மா வாயிலிருந்து கையை எடுத்தார். தலையைச் சாய்த்து, நெற்றியைச் சுருக்கி, பாத்திரத்தில் ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பவர் மாதிரி அந்தக் குரலைக் கேட்டார்.

"யம்மா, இன்னா, காதுல வுழலியா? யம்மா!"

"இல்ல" என்றார் செல்லம்மா. "இது எம் புள்ள இல்ல."

மூலைப் பெட்டிகளைக் கையால் காட்டினார்.

"எம் புள்ளைக்குக் கட்டைக் கொரலு. இது யாரோ சின்னப் பையன். அந்தக் கரகரப்புல எனக்குத் தெரியல பாப்பா. இது அவன் இல்ல."

குரல் மறுபடியும் கூப்பிட்டது. இந்த முறை அதில் பயம் இருந்தது. நன்றாகக் கேட்டது. படகு என்ன நிலையில் இருந்ததோ, கரையில் இருந்தவள் எங்கே போனாளோ. கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். செல்லம்மாவால் தாங்க முடியவில்லை. எழுந்து எதிர் மூலைக்குப் போய், ஸ்பீக்கர் பெட்டியின் முன்னால் மண்டியிட்டு, அதன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இன்னாடா கண்ணு? கேக்குதுடா. நல்லாக் கேக்குது. இருட்டிகினு வருது, வூட்டுக்கு வாடா ராசா."

அந்தப் பெட்டி கேட்கவைக்கும், அவ்வளவுதான். நாம் பேசுவதை எங்கும் கொண்டுபோகாது. அது எனக்குத் தெரியும், சிநேகாவுக்குத் தெரியும். பெட்டிக்குள் காற்றுச் சத்தம் கொஞ்ச நேரம் இருந்தது.

"ஆங்... செரிம்மா" என்றது குரல். "வரேன்."

அதன் பிறகு குரல் வரவில்லை.

கரையில் இருந்த அவன் அம்மா அந்த நேரத்தில்தான் தன் வயர்லெஸ்ஸை எடுத்துப் பேசியிருக்க வேண்டும். அவள் சொன்னது நம் செட்டில் விழவில்லை, அவன் சொன்னது விழுந்தது. சிநேகா அப்படித்தான் சொல்கிறாள். நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். கடற்கரைக்குப் போய் விசாரித்தால் தெரிந்துவிடும். நான் போகவில்லை, போகவும் மாட்டேன்.

செல்லம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தார். அப்போதுதான் அழுதார். அடித்துக்கொண்டு, வாயைத் திறந்து, சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதார். சிநேகா அவரைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, அதில் என்ன வெட்கம்? பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஒருத்தி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

தண்ணீரைக் குடித்துவிட்டுச் செல்லம்மா சிநேகாவின் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

"இத்தினி நாளா கூப்ட்டது அவன் இல்ல. அப்ப நான் எம் புள்ளைக்குப் பதில் சொல்லாம இருக்கல. இல்ல பாப்பா?"

"இல்ல ஆன்ட்டி" என்றாள் சிநேகா. "நீங்க சொல்லாம இருக்கல."

செல்லம்மா அதை ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, பாஸ்டருக்குப் போன் போடுப்பா. ஞாயித்துக்கெழம வெச்சிக்கலாம்னு சொல்லு."